கழுத்துல தொங்குற விளம்பரப் பலகை

மொதல்லயே சொல்லிடறேன். கேமரா வாங்கும்போது பெட்டிக்குள்ள கம்பெனிக்காரன் மடிச்சு வெச்சிருக்கானே ஒரு ஸ்ட்ராப், அது நமக்காக வெச்சது இல்லை. அவனுக்காக வெச்சது. கொட்டை எழுத்துல கம்பெனி பேரு, பக்கத்துலயே மாடல் நம்பர். லட்சக்கணக்குல காசும் குடுத்துட்டு, அவனோட விளம்பரப் பலகையை மாட்டிக்கிட்டு மெரைன் டிரைவ் முழுக்க சம்பளம் இல்லாம நடக்கறோம். திருடனுக்கும் சௌகரியம். விலை விசாரிக்க வேண்டியதே இல்லை, மார்லயே எழுதியிருக்கு.

"சும்மா வந்ததை ஏன்யா குறை சொல்றே"ன்னு கேப்பீங்க. இந்த "சும்மா வந்தது"ங்கற வார்த்தையோடதான் எனக்குச் சண்டையே.

மும்பைல நம்மாளுங்க கூட்டம் ஒண்ணு இருக்கு. செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட், டோம்பிவிலின்னு சிதறிக் கிடப்பாங்க. ஆனா பூநாரை வர்ற சீசன் வந்துட்டா ஞாயித்துக்கிழமை விடிகாலைல சிவ்ரியிலயோ பாண்டுப் பம்பிங் ஸ்டேஷன்லயோ ஆஜர். ஆளாளுக்கு பீரங்கி மாதிரி லென்ஸ். எந்த லென்ஸ்ல எவ்வளவு கூர்மை, எந்த பாடி வினாடிக்கு எத்தனை படம் எடுக்கும், எல்லாம் தலைகீழ் பாடம். ஸ்ட்ராப்பைப் பத்திக் கேட்டா மட்டும் "அது கெடக்குது விடு"ன்னு பதில். லென்ஸுக்கு பதினெட்டு மாசத் தவணை கட்டறவர், ஸ்ட்ராப்புக்கு நாலாயிரம்னா "தோல் பட்டைக்கு நாலாயிரமா!"ன்னு நெஞ்சைப் பிடிச்சுக்கறார். நான் பேங்க்ல கடன் ஃபைல் பாக்கறவன். பத்து லட்சம் சரக்கை அடமானம் வாங்கிட்டு, குடோனுக்கு இருபது ரூபா பூட்டு போட்டிருந்தா அந்த ஃபைல்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன். இவங்க போடறாங்க, வாரா வாரம்.

எடையைக் கணக்குப் போட்டுப் பாப்போம். பி.காம். படிச்சவனுக்கு கணக்கு இல்லாம பேச வராது.

எங்க கூட்டத்துல அதிகம் தென்படற ஜோடி நிக்கான் டி850, அதுகூட 200-500 லென்ஸ். பாடி பேட்டரி, கார்டோட 1005 கிராம். லென்ஸ் 2300 கிராம். மொத்தம் 3.3 கிலோ. மிரர்லெஸ் வந்து எல்லாம் லேசாயிடுச்சுன்னு ஒரு பேச்சு உண்டு. லேசானது பாடிதான். பெரிய லென்ஸுக்குள்ள இருக்கற கண்ணாடிக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரலை. சோனியோட 200-600 இன்னிக்கும் ரெண்டு கிலோவுக்கு மேலதான்.

இப்ப கழுத்துக்கு வாங்க. மனுஷன் தலை ஏறக்குறைய அஞ்சு கிலோ. கழுத்தெலும்பு அதைத் தாங்கறதுக்குன்னு அமைஞ்சது, அதுவும் தலை நேரா இருக்கும்போது. நியூயார்க்ல கென்னத் ஹன்ஸ்ராஜ்னு ஒரு முதுகெலும்பு சர்ஜன், செல்போனைக் குனிஞ்சு பாக்கறவங்களுக்காக 2014ல் ஒரு கணக்கு வெளியிட்டார். தலையை 15 டிகிரி முன்னால சாய்ச்சாலே கழுத்துக்கு 12 கிலோ அளவுக்குச் சுமை, 60 டிகிரி சாய்ச்சா 27 கிலோ. மாதிரி வெச்சுப் போட்ட கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனா கேமராக்காரன் நாள் முழுக்க என்ன செய்யறான்? எடுத்த படத்தை ஸ்கிரீன்ல பாக்கறதுக்குக் குனியறான். செல்போன்காரனாவது போனைக் கையில வெச்சிருக்கான். நம்ம ஆளு 3.3 கிலோவைக் கழுத்துலயே தொங்க விட்டுக்கிட்டுக் குனியறான்.

தூத்துக்குடி அண்ணாச்சி ஒருத்தர், எங்க கூட்டத்துலயே நல்ல கண்ணு உள்ளவர். ரெண்டு சீசன் இப்படியே பிறவைகளுக்குப் பின்னால அலைஞ்சார். வலது கை விரல்ல மதமதப்பு ஆரம்பிச்சது. டாக்டர் கழுத்தைப் படம் எடுத்துப் பாத்து தேய்மானம்னுட்டார். ஸ்ட்ராப் மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல வரலை. மனுஷன் பகல் முழுக்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாலதான். ஆனா பிசியோதெரபி பண்ற பொண்ணு மொத நாளே போட்ட உத்தரவு என்ன தெரியுமா? "அங்கிள், இனிமே கழுத்துல எதையும் தொங்க விடாதீங்க." அண்ணாச்சி லென்ஸை வித்துட்டார். எண்பதாயிரத்துக்கு மேல குடுத்து வாங்கினதை பாதி விலைக்கு. அவர் எடுத்த மீன்கொத்திப் படம் இப்பவும் எங்க வீட்டுக் கூடத்துல மாட்டியிருக்கு. நாலாயிரம் ரூபா பட்டை அதிக விலைன்னு சொல்றவங்க, இந்தப் பேரேட்டையும் ஒரு தடவை புரட்டிப் பாக்கணும்.

இதுக்கு வழக்கமா வர்ற பதில், "அகலமான பட்டை போட்டா சரியாயிடும்." சரியாகாது. அகலப் பட்டை தோலைக் காப்பாத்தும், எலும்பைக் காப்பாத்தாது. கழுத்து அறுக்கறது நிக்கும், சுமை அப்படியேதான் இருக்கும். இன்னொரு கோஷ்டி, நியோப்ரீன் பட்டை கோஷ்டி. அமெரிக்காவுல ஆப்டெக்னு ஒரு கம்பெனி ரொம்ப வருஷமா செய்யறது, ரப்பர் மாதிரி இழுபடும். மாட்டினதும் கேமரா எடை பாதியான மாதிரி இருக்கும். சின்ன கேமராவுக்கு அருமையான சாமான், அதுல எனக்குத் தகராறு இல்லை. மூணு கிலோவைத் தொங்க விட்டா ஒவ்வொரு அடிக்கும் மேலயும் கீழயும் குதிக்கும். நடக்கறது நீங்க, நாட்டியம் ஆடறது கேமரா. எடை குறையலை, குறைஞ்ச மாதிரி தெரியுது. பேங்க் பாஷைல இதுக்குப் பேரு வேற, அதை இங்க எழுதினா எங்க மேனேஜர் படிப்பார்.

கழுத்தை விட்டுடணும். அவ்வளவுதான் விஷயம். ஸ்கூல் பையைக் குறுக்கால போட்டுக்கற மாதிரி ஒரு தோள்லேர்ந்து எதிர்ப் பக்க இடுப்புக்கு வர்ற ஸ்ட்ராப், ஸ்லிங்னு சொல்றது, அதுதான் ரெண்டு கிலோ வரைக்கும் சரியான வழி. கேமரா இடுப்புப் பக்கத்துல, கைக்கு எட்டற இடத்துல கிடக்கும். பட்டை அப்படியே இருக்க, கேமரா மட்டும் சறுக்கிக்கிட்டுக் கண்ணுக்கு வரும். பிளாக்ராபிட் மாதிரி கம்பெனிகள் இந்த அமைப்புலதான் பேர் வாங்கினாங்க. இதுலயும் ஒரு தோள்தான் சுமக்குது, அதனால மணிக்கு ஒருதரம் தோள் மாத்தணும். மூணு கிலோவைத் தாண்டி நாள் முழுக்கன்னா ரெண்டு தோள்லயும் ஏர்றமாதிரி ஹார்னஸ், இல்லாட்டி இடுப்புல பெல்ட் கட்டி அதுல மாட்டற வகை. மலையேறறவங்க பைல இடுப்புப் பட்டை எதுக்கு இருக்கு? சுமையைத் தோள்லேர்ந்து இறக்கி இடுப்பெலும்புல வைக்கத்தான். கல்யாண வீட்டு போட்டோகிராஃபர் பசங்க ரெண்டு கேமராவை ரெண்டு பக்கமும் தொங்க விட்டுக்கிட்டு எட்டு மணி நேரம் நிக்கறாங்களே, அவங்க முதுகுல இருக்கற எக்ஸ் வடிவப் பட்டையைப் பாருங்க. அதை ஸ்டைலுன்னு நெனைச்சா தப்பு. அந்தப் பையனுக்கு நாளைக்கும் முகூர்த்தம் இருக்கு.

வசதி ஆச்சு. பத்திரம்? இங்கதான் எனக்கு நிஜமாவே கோபம் வருது.

போன வருஷம் செம்பூர்ல ஒரு கிரகப்பிரவேசம். நண்பர் ஒருத்தர், கழுத்துல கனமான கேமரா. பெரியவங்க கால்ல விழுந்து ஆசி வாங்கக் குனிஞ்சார். கேமரா கடிகாரப் பெண்டுலம் மாதிரி முன்னால வீசிச்சு. பக்கத்துல நின்ன நாலு வயசுப் பொண்ணு நெத்தியில லென்ஸோட விளிம்பு. மூணு தையல். புருவத்துக்குக் கொஞ்சம் மேல பட்டதால தப்பிச்சது. நண்பர் என்ன சொன்னார் தெரியுமா? "குழந்தை குறுக்க வந்துடுச்சு." குழந்தை நின்ன இடத்துலயே நின்னுக்கிட்டு இருந்தது சார். குறுக்க வந்தது மூணு கிலோ இரும்பும் கண்ணாடியும். பத்திரம்னா கேமரா கீழ விழாம இருக்கறது மட்டும் இல்லை. அது யார் மேலயும் போய் மோதாம இருக்கறதும் பத்திரம்தான். ஸ்லிங் போட்டிருந்தாலும் குனியும்போது ஒரு கை கேமரா மேல இருக்கணும். நல்ல ஸ்லிங்ல கேமரா முன்னால சறுக்காம நிறுத்தி வைக்க ஒரு சின்ன கிளிப் இருக்கும். இருக்கான்னு பாத்து வாங்குங்க.

அடுத்தது, விழறது. எங்காளுங்க ஸ்ட்ராப்பை எப்படிப் பரிசோதிக்கறாங்கன்னா, ரெண்டு கையால பட்டையைப் பிடிச்சு ஒரு இழு இழுத்து, "ம், கெட்டியாத்தான் இருக்கு." பட்டை என்னிக்குமே கெட்டிதான்! கார் சீட் பெல்ட் மாதிரி நைலான், அதுல ஆளையே தொங்க விடலாம். ஸ்ட்ராப் போகறது பட்டையில இல்லை. பட்டையும் பக்கிளும் சேர்ற இடம், பக்கிளும் வளையமும் சேர்ற இடம், வளையமும் கேமராவும் சேர்ற இடம். சங்கிலியோட பலம் எந்தக் கண்ணி இளைச்சிருக்கோ அந்தக் கண்ணியோட பலம்தான். அதைத் தொட்டுப் பாக்காம பளபளப்பா இருக்கற பட்டையைத் தடவிப் பாத்துட்டு வந்துடறோம்.

ஸ்லிங் வகையில நிறைய ஸ்ட்ராப்புகள் கேமராவுக்கு அடியில ட்ரைபாட் திருகற ஓட்டையில மாட்டறது. கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 20 மரை. உலகம் முழுக்க அதே அளவு. அந்த ஒத்தைத் திருகாணியை நம்பித்தான் உங்க மொத்த முதலும் தலைகீழாத் தொங்குது. நடக்க நடக்க கேமரா இடமும் வலமும் திரும்பும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் திருகு கடுகளவு நெகிழலாம். கையால முறுக்கிட்டு வீட்டை விட்டுக் கிளம்பினா, மத்தியானம் பாத்தா அரைச் சுத்து வெளிய வந்திருக்கும். ரப்பர் வாஷர் இருந்தா கொஞ்சம் தாங்கும். நிரந்தரமா விட்டு வைக்கற தகடுன்னா நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு விடலாம். சிவப்பு வேண்டவே வேண்டாம், அப்புறம் அதைக் கழட்டறது பெரும்பாடு. எதுவும் முடியலைன்னா காலைல ஒருதரம், சாப்பாட்டுக்கு அப்புறம் ஒருதரம் விரலால முறுக்கிப் பாருங்க. காசு செலவில்லாத தணிக்கை.

பெரிய லென்ஸ் மாட்டியிருந்தா இன்னொரு கணக்கு. கேமராவோட காதுல ஸ்ட்ராப்பை மாட்டினீங்கன்னா, ரெண்டு கிலோ லென்ஸ் முன்னால தொங்கும், மொத்த பாரமும் லென்ஸும் பாடியும் சேர்ற வளையத்துக்குப் போகும். லென்ஸுக்கு அடியில ஒரு கால் இருக்கே, அதுல மாட்டுங்க. எடை எங்க அதிகமோ அங்கதான் பிடி இருக்கணும். சில லென்ஸ்ல அந்தக் காலே ஒரு குமிழ்த் திருகுல நிக்குது, அதுவும் நெகிழும். அதையும் முறுக்கிப் பாக்கணும்.

எங்க பேங்க்ல பணப்பெட்டிக்கு ரெண்டு சாவி. ரெண்டு பேர் கையில. ரெண்டு பேரும் வந்தாத்தான் திறக்கும். ஒருத்தர் மேல நம்பிக்கை இல்லாம இல்லை, ஒருத்தர் தவறினாலும் பணம் தவறக் கூடாதுங்கறதுக்காக. கேமராவுக்கும் அதேதான். திருகாணியில தொங்கற கேமராவுக்கு, பாடியோட காதுலேர்ந்து ஸ்ட்ராப்புக்கு இன்னொரு சின்னக் கயிறு. டெதர்னு விக்கறான், சில நூறு ரூபா. அது தொளதொளன்னுதான் இருக்கணும், சுமை தாங்கக் கூடாது. மொத ஆள் லீவு போட்டாத்தான் ரெண்டாவது ஆளுக்கு வேலை. "அசிங்கமா தொங்குது"ன்னு அதைக் கழட்டிப் போடறவங்களைப் பாத்திருக்கேன். சீட் பெல்ட் போட்டா சட்டை கசங்குதுன்னு சொல்ற அதே ஆளுங்க.

பீக் டிசைன் மாதிரி நல்ல கம்பெனிக்காரங்க, கேமரா காதுல மாட்டற சின்னக் கயிறு ஒண்ணே 90 கிலோ தாங்கும்னு சொல்லி விக்கறாங்க. மூணு கிலோவுக்கு எதுக்கு 90ன்னு கேக்காதீங்க. கால் தடுக்கி நீங்க ஒரு குலுங்கு குலுங்கினா, அந்த நொடியில மூணு கிலோ பல மடங்காத்தான் இழுக்கும். அந்தக் கயிறு தேஞ்சா கறுப்புக்குள்ளேர்ந்து வேற நிறம் எட்டிப் பாக்கும், மாத்தணும்னு அர்த்தம். எனக்குப் பிடிச்சது இதுதான்: தேயவே தேயாதுன்னு பொய் சொல்லாம, தேஞ்சா காட்டிக் குடுக்கற சாமான். அதைப் பாத்துப் போட்ட போலி, ஃபோர்ட்ல போரா பஜார்ப் பக்கம் ஒரு கடையில 350 ரூபாய்க்குக் கையில திணிச்சாங்க. "சேம் டு சேம், சார்." பாக்க சேம்தான். எத்தனை கிலோ தாங்கும்னு கேட்டேன். கடைக்காரர் என் கேமராவைப் பாத்து, "இது தாங்கும்" அப்படின்னார். அந்தப் பதிலுக்கு நான் கடனே குடுக்க மாட்டேன், கேமராவா குடுப்பேன்?

தோல் ஸ்ட்ராப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. படத்துல அழகா இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா மும்பை ஜூலைல ஒரு மாசம் அலமாரியில விட்டுப் பாருங்க. பச்சையா பூசணம் பூத்திருக்கும். வேர்வையும் மழையும் மாறி மாறிப் பட்டா தோல் விறைச்சு, தையல் ஓரத்துல வெடிக்கும். ஊட்டிக்காரங்க போட்டுக்கட்டும்.

வீட்டம்மாக்களை இந்தக் கம்பெனிகள் கணக்குலயே எடுத்துக்கலைன்னு எங்க தங்கமணி குற்றச்சாட்டு. நியாயமான குற்றச்சாட்டு. குறுக்கால போடற பட்டை எல்லாம் சட்டை போட்ட ஆம்பளைங்களை மனசுல வெச்சுச் செஞ்சது. புடவை முந்தானையில குத்தின பின்னை இழுக்கும், பக்கிளோட ஓரம் தாலிச்சங்கிலியில மாட்டும். ஒருதரம் மாட்டி, சங்கிலியோட ஒரு கண்ணி விரிஞ்சே போச்சு. அன்னிக்கு வீட்ல கேமராவுக்கு 144 தடை உத்தரவு. கழுத்துப் பக்கம் உலோகமே இல்லாத, தோள்ல படற இடம் வளைஞ்சு இருக்கற பட்டை தேடி வாங்கினோம். கடைக்கு அவங்களையே கூட்டிட்டுப் போய், புடவையோட போட்டுப் பாத்து வாங்குங்க. "ஒரு ஸ்ட்ராப்புதானே, நான் வாங்கிட்டு வர்றேன்"னு போகாதீங்க.

கம்பி வெச்ச ஸ்ட்ராப்னு ஒண்ணு, பிளேடால அறுக்க முடியாதுன்னு விளம்பரம். பயணம் போற இடத்துல, நடமாட்டமான தெருவுல, சரி. லோக்கல் ட்ரெய்ன்ல? தாதர்ல கூட்டம் இறங்கும்போது அறுந்து போகாத ஒரு பட்டை உங்க உடம்பைச் சுத்தி இருக்கு, அதோட மறுமுனை யாரோட பையிலயோ மாட்டியிருக்குன்னு வெச்சுக்கோங்க. கேமரா போகாது. நீங்க போவீங்க. ட்ரெய்ன்ல ஏர்றதுக்கு முன்னாலயே கேமரா பைக்குள்ள, பை நெஞ்சுக்கு முன்னால. பட்டன் அழுத்தினா கழண்டு வர்ற வகை ஸ்ட்ராப்புக்கும் இதே விதிதான், அந்த பட்டனை கூட்டத்துல யார் முழங்கை வேணும்னாலும் அழுத்தலாம். பசங்க கழுத்துல கெட்டியான பட்டையோட கேமரா மாட்டி பார்க்ல விளையாட விடறவங்களை என்ன சொல்றதுன்னே தெரியலை. சறுக்கு மரத்துல மாட்டினா என்ன ஆகும்னு யோசிங்க, போதும்.

புதுசா வாங்கினா எங்க வீட்ல ஒரு சடங்கு. பத்து லிட்டர் பக்கெட்ல தண்ணி நிரப்பி, ஜன்னல் கிரில்ல ஸ்ட்ராப்பால ராத்திரி முழுக்கத் தொங்க விடறது. காலைல தையல்ல நூல் எழும்பியிருக்கா, பிளாஸ்டிக் பக்கிள்ல வெள்ளைக் கோடு விழுந்திருக்கா, பட்டை பக்கிள்லேர்ந்து நழுவியிருக்கான்னு பாக்கணும். வெள்ளைக் கோடுன்னா பிளாஸ்டிக் உள்ளுக்குள்ள விட்டுக்குடுக்க ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம், கடைக்கே திருப்பிடுங்க. பட்டையோட நுனி பக்கிளுக்கு வெளிய ரெண்டு அங்குலமாவது மிச்சம் இருக்கணும், அந்த நுனியை மறுபடி பக்கிளுக்குள்ளயே மடிச்சு விடணும். பாதிப் பேர் அழகுக்காக நுனியை ஒட்ட வெட்டிடறாங்க.

"என்கிட்ட இருக்கறது அரைக் கிலோ கேமராதான், எனக்கு எதுக்கு இதெல்லாம்"னு கேக்கறவங்களுக்கு: உங்களுக்குத் தேவையே இல்லை. பெட்டிக்குள்ள வந்ததே போதும். அந்த எழுத்து இருக்கற பக்கத்தை மட்டும் உள்பக்கமாத் திருப்பிப் போட்டுக்கோங்க.